ஹுவான் ரொமான் ரிக்கெல்மே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிய பேச்சில் ரிக்கெல்மேயின் பெயரை எடுத்தால், கேட்பவர் யாராக இருந்தாலும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்கள்தான் எழுகின்றன. மெஸ்ஸியின் வழியாக அர்ஜென்டினாவை அறிந்த இளைஞர்கள் ஒரு விதமாகவும், 2006 உலகக் கோப்பையைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் வேறு விதமாகவும் கேட்டாலும், கேள்விகளின் உள்ளடக்கம் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை.

மெஸ்ஸி தெரியும், மரடோனா தெரியும். இந்த ரிக்கெல்மே யாருங்க?

ஹுவான் ரொமான் ரிக்கெல்மே 1978 ஜூன் 24 அன்று புவெனஸ் ஐரிஸ் மாகாணத்தின் சான் ஃபெர்னாண்டோவில் பிறந்தார்; தலைநகரின் வடக்குப் புறநகரான டோன் டொர்குவாட்டோவில், பதினொரு பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தின் மூத்த மகனாக வளர்ந்தார். மரடோனா உருவான அதே அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் கழகத்தின் சிறுவர் அணிகளில் பயின்று, 1996-இல் போக்கா ஜூனியர்ஸ் கழகத்துக்கு வந்தார். அந்த ஆண்டு நவம்பர் 10 அன்று, பதினெட்டு வயதில், யூனியோன் அணிக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடினார்.

போக்காவுக்காக 388 ஆட்டங்கள், 92 கோல்கள், 11 கோப்பைகள். அர்ஜென்டினாவுக்காக 51 ஆட்டங்கள், 17 கோல்கள், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம். எண்கள் இவ்வளவுதான். இந்த எண்களைப் பார்த்துவிட்டு “இதற்கா இத்தனை கொண்டாட்டம்?” என்று கேட்பவர்களுக்காகத்தான் கீழே உள்ள பதில்கள் நீளமாக இருக்கின்றன.

10-ஆம் நம்பர் போட்டவர்னு சொல்றாங்க. அவர் ஸ்ட்ரைக்கரா, மிட்ஃபீல்டரா?

இரண்டுக்கும் இடையில் நிற்பவர். அர்ஜென்டினாவில் அந்த இடத்தை ‘எங்காஞ்சே’ என்று அழைக்கிறார்கள். நான்கு தடுப்பாட்டக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் மூன்று நடுக்கள வீரர்கள், இரண்டு முன்கள வீரர்கள் என அணியை அமைத்துவிட்டு, நடுக்களத்துக்கும் முன்களத்துக்கும் இடையே தனியாக ஒருவரை நிறுத்துவார்கள். பின்னால் இருந்து வரும் ஒவ்வொரு பந்தும் முதலில் அவரிடம் வர வேண்டும். அது எங்கே, எப்போது, எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஒருவரின் சுதந்திரத்துக்கு மற்றவர்கள் கொடுக்கும் விலை. அவருக்குப் பின்னால் உள்ள மூவரும் அவருடைய பங்குக்கும் சேர்த்து ஓட வேண்டும், பந்தைப் பறிக்க வேண்டும்; களத்தின் ஓரங்களை இருபுறத் தடுப்பாட்டக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே அணி முழுவதும் ஒரு மனிதரைச் சுற்றி அமைய வேண்டும். அதற்குச் சம்மதித்த பயிற்சியாளர்களிடம் ரிக்கெல்மே உச்சத்தில் ஆடினார், சம்மதிக்காதவர்களிடம் வாடினார். அவருடைய வாழ்க்கையில் நடந்த ஏறக்குறைய எல்லாச் சண்டைகளுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஓடவே மாட்டார், நடந்துக்கிட்டே இருப்பார்னு கிண்டல் பண்றாங்களே. அப்புறம் எப்படிப் பெரிய ஆட்டக்காரர்?

அவர் வேகமான ஆட்டக்காரர் அல்லர். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பந்தின் வேகத்தையும் மனிதரின் வேகத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ரிக்கெல்மே காலின் அடிப்பாகத்தால் பந்தை அழுத்தி நிறுத்தி, தன் முதுகையும் இடுப்பையும் எதிராளிக்கும் பந்துக்கும் நடுவே வைத்துவிட்டால், இரண்டு பேர் சேர்ந்தாலும் அதைப் பறிப்பது கடினம். அந்த ஓரிரு நொடிகளில் எதிரணியின் கண்கள் அனைத்தும் அவர்மேல் குவியும். அதே நொடிகளில் அவருடைய சக வீரர்கள் காலியான இடத்துக்கு ஓடியிருப்பார்கள். அதன்பின் ஒரே தொடுதலில் பந்து அங்கே போய்ச் சேரும். அர்ஜென்டினாவில் இதை ‘பௌசா’, அதாவது இடைநிறுத்தம், என்று சொல்லிப் போற்றுகிறார்கள்.

கச்சேரியில் பாடகர் எடுத்துக்கொண்ட காலப்பிரமாணத்தில்தான் பக்கவாத்தியங்கள் செல்ல வேண்டும். ரிக்கெல்மே ஆடிய ஆட்டங்களில் இரு அணிகளின் இருபத்தொரு பேரும் அவ்வாறே அவருடைய காலத்துக்குக் கட்டுப்பட்டார்கள். முன்னிலையில் இருக்கும்போது ஆட்டத்தை உறங்க வைக்கவும், பின்தங்கியிருக்கும்போது ஒரே பாஸில் எழுப்பவும் அவருக்குத் தெரியும். கிண்டல் செய்பவர்கள் அவருடைய கால்களை மட்டும் பார்க்கிறார்கள். அவருக்கு முன்னால் ஓடுபவர்களைப் பார்த்தால் அந்த நிதானத்தின் பயன் விளங்கும்.

மரடோனாவோட கடைசி மேட்ச்ல அவருக்குப் பதிலா இறங்கினது ரிக்கெல்மேதானாமே? கட்டுக்கதையா?

உண்மை. 1997 அக்டோபர் 25 அன்று, பரம எதிரியான ரிவர் பிளேட்டின் மொனுமென்டல் மைதானத்தில், இடைவேளையில் மரடோனா வெளியே வர, பத்தொன்பது வயது ரிக்கெல்மே உள்ளே சென்றார். இடைவேளையின்போது பின்தங்கியிருந்த போக்கா, இறுதியில் 2-1 என வென்றது. சில நாட்களில் மரடோனா ஓய்வை அறிவித்துவிட்டதால், அந்த மாற்றமே ஒரு கைமாறுதலாக நினைவில் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் மைதானத்தில் இருந்தவர்களுக்கு அது மரடோனாவின் கடைசி ஆட்டம் என்று தெரியாது. அதே ஆண்டில், மலேசியாவில் நடந்த இளையோர் உலகக் கோப்பையை ஹோசே பெக்கர்மனின் பயிற்சியில் வென்ற அர்ஜென்டினா அணியிலும் ரிக்கெல்மே இருந்தார். இந்தப் பெக்கர்மன் கீழே மீண்டும் வருவார்.

போக்காவில் அப்படி என்னதான் செய்தார்?

1998-இல் கார்லோஸ் பியான்கி பயிற்சியாளராக வந்தபோது போக்கா பல ஆண்டுகளாகத் தடுமாறிக்கொண்டிருந்த கழகம். பியான்கி, மேலே சொன்ன அமைப்பை அப்படியே நிறுவினார்: பின்னால் கொலம்பிய வீரர் மவுரிசியோ செர்னா பந்தைப் பறிப்பார், முன்னால் மார்ட்டின் பலெர்மோவும் கியெர்மோ பாரோஸ் ஸ்கெலோட்டோவும் காத்திருப்பார்கள், நடுவில் ரிக்கெல்மே. அர்ஜென்டினா லீகில் அப்போது ஒரு பருவத்துக்கு அபெர்துரா (முதல் பாதி), க்ளவுசுரா (இரண்டாம் பாதி) எனத் தனித்தனிப் பட்டங்கள் இருந்தன; 1998 அபெர்துரா, 1999 க்ளவுசுரா என இரண்டும் அடுத்தடுத்து வந்தன. லீகில் 40 ஆட்டங்கள் தொடர்ச்சியாகத் தோல்வி காணாமல் ஆடி அர்ஜென்டினாவில் புதிய சாதனையும் படைத்தார்கள்.

2000-இல் தென் அமெரிக்காவின் உயரிய கழகப் போட்டியான கோபா லிபர்டடோரஸை, அப்போதைய சாம்பியனான பிரேசிலின் பல்மெய்ராஸை சாவோ பாவ்லோவில் பெனால்டிகளில் வீழ்த்தி வென்றார்கள். 2001-இல் மெக்சிகோவின் க்ரூஸ் அசூலை மீண்டும் பெனால்டிகளில் வென்று கோப்பையைத் தக்கவைத்தார்கள். அந்த ஆண்டின் தென் அமெரிக்கச் சிறந்த வீரராக ரிக்கெல்மே தேர்வானார்.

ரியல் மாட்ரிடை டோக்கியோவில் ஜெயிச்சதுல கோல் போட்டது பலெர்மோதானே? ரிக்கெல்மேவுக்கு ஏன் புகழ்?

2000 நவம்பர் 28 அன்று நடந்த இன்டர்கான்டினென்டல் கோப்பை ஆட்டம் அது; ஐரோப்பாவின் சாம்பியன் கழகமும் தென் அமெரிக்காவின் சாம்பியன் கழகமும் மோதும் போட்டி. மூன்றாம் நிமிடத்திலும் ஆறாம் நிமிடத்திலும் பலெர்மோ கோல் அடித்தார். பன்னிரண்டாம் நிமிடத்தில் ரொபெர்தோ கார்லோஸ் ஒன்றைத் திருப்பினார். 2-1. ஆட்ட நாயகன் விருதும் பலெர்மோவுக்குத்தான், அது முற்றிலும் நியாயம்.

ஆனால் இரண்டாவது கோலைத் திரும்பிப் பாருங்கள். தன் அணியின் பாதிக்குள் இருந்தபடி ரிக்கெல்மே அனுப்பிய நீண்ட பந்து, ரியலின் தடுப்பு வரிசையைக் கடந்து, ஓடிக்கொண்டிருந்த பலெர்மோவின் காலடியில் இறங்குகிறது. அதற்குப் பின் எஞ்சியிருந்த எண்பது நிமிடங்களுக்கும் மேலான நேரம்தான் இன்னும் பெரிது. ஃபிகோ, ரவுல், குட்டி, மக்கெலெலே எனப் பெரும் பணத்தில் கட்டப்பட்ட அணி சமன் செய்யத் துடித்தபோது, போக்கா வீரர்கள் மூச்சுவிட வேண்டிய ஒவ்வொரு முறையும் பந்தை ரிக்கெல்மேயிடம் கொடுத்தார்கள். மக்கெலெலே போன்ற தலைசிறந்த பந்துபறிப்பாளர் உடம்போடு உடம்பாக ஒட்டி நின்றும் அதைப் பிடுங்க முடியவில்லை. கோல் பட்டியலில் வராத இந்த வேலைக்குத்தான் புகழ்.

யெப்பெஸ் கால் நடுவுல பந்தை விட்ட வீடியோவை எல்லோரும் அனுப்புறாங்க. அதுல என்ன விசேஷம்?

2000 மே 24, லிபர்டடோரஸ் கால் இறுதியின் இரண்டாவது ஆட்டம், போக்காவின் சொந்த மைதானமான லா பொம்பொனேரா. எதிரே ரிவர் பிளேட். முதல் ஆட்டத்தில் ரிவர் 2-1 என வென்றிருந்தது. ஓரக்கோட்டருகே, எதிரணிக் கோலுக்கு முதுகைக் காட்டி நின்ற ரிக்கெல்மேயை, ரிவரின் கொலம்பியத் தடுப்பாட்டக்காரர் மாரியோ யெப்பெஸ் பின்னாலிருந்து நெருக்கினார். ரிக்கெல்மே காலடியால் பந்தைப் பின்னோக்கி இழுத்து யெப்பெஸின் கால்களுக்கு நடுவே செலுத்திவிட்டு, சுற்றி ஓடி மறுபக்கம் எடுத்துக்கொண்டார்.

எதிராளியின் கால்களுக்கு நடுவே பந்தை விடுவது எல்லா ஊர்களிலும் பார்க்கக்கூடியதுதான். எதிராளியைப் பார்க்காமலேயே, அவர் எந்தக் காலை எப்போது தூக்குவார் என்பதை முதுகால் உணர்ந்து செய்ததே இதன் சிறப்பு. அந்த ஆட்டத்தில் அவர் ஒரு பெனால்டியையும் கோலாக்கினார். கால் மூட்டுக் காயத்தால் ஆறு மாதம் ஆடாமலிருந்த பலெர்மோ மாற்று வீரராக வந்து கடைசி கோலை அடிக்க, போக்கா 3-0 என வென்றது. போக்கா ரசிகர்களுக்கு அந்த இரவு, பின்னால் வந்த சில கோப்பைகளைவிட மேலானது.

காதுக்குப் பின்னால் கையை வைத்து நிற்கும் படம் எதற்காக எடுத்தது?

2001 ஏப்ரல் 8, மீண்டும் ரிவருக்கு எதிராக, மீண்டும் 3-0. ரிக்கெல்மே அடித்த பெனால்டியை கோல்கீப்பர் தடுக்க, திரும்பி வந்த பந்தைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். பிறகு களத்தின் நடுப்பகுதிக்குச் சென்று, கழகத் தலைவர் மவுரிசியோ மக்ரி அமர்ந்திருந்த மாடத்தை நோக்கி, இரு காதுகளுக்கும் பின்னால் உள்ளங்கைகளைக் குவித்தபடி நின்றார். சம்பள ஒப்பந்தம் குறித்து இருவருக்கும் அப்போது கசப்பான தகராறு இருந்தது. கேட்டபோது, தன் மகளுக்கு டோப்போ ஜீஜோ என்ற பொம்மை எலியைப் பிடிக்கும், அதற்காகச் செய்தேன் என்று பதில் சொன்னார். அர்ஜென்டினாவில் யாரும் அதை வெறும் பொம்மை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மக்ரி பின்னர் 2015 முதல் 2019 வரை நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தார்.

இந்த நிலைப்பாடு இருபத்தொரு ஆண்டுகள் கழித்து மறுபடியும் உலகத்தின் கண்ணில் பட்டது. 2022 உலகக் கோப்பைக் கால் இறுதியில் நெதர்லாந்துக்கு எதிராகப் பெனால்டி கோல் அடித்த மெஸ்ஸி, எதிரணிப் பயிற்சியாளர் லூயி வான் காலின் இருக்கையை நோக்கி அதே போல் நின்றார். ஏன் வான் காலை நோக்கி என்பதற்கு அடுத்த பதிலைப் படிக்கவும்.

பார்சிலோனாவில் ஏன் எடுபடவில்லை? திறமை போதவில்லையா?

2002-இல் பார்சிலோனா அவரை வாங்கியது. அவர் ஊரைவிட்டுக் கிளம்பிய சூழலும் இனிமையானதல்ல. அந்த ஆண்டு அவருடைய தம்பி கடத்தப்பட்டு, பணம் கொடுத்து மீட்கப்பட்டிருந்தார். பார்சிலோனாவில் அப்போது வான் கால் பயிற்சியாளர். ரிக்கெல்மேயைத் தான் கேட்டுப் பெறவில்லை, நிர்வாகம் கொண்டுவந்தது என்ற நிலைப்பாட்டை அவர் மறைக்கவில்லை. வான் காலின் முறையில் ஒவ்வொருவருக்கும் வரையறுக்கப்பட்ட இடம் உண்டு. அணியைச் சுற்றித் தனிமனிதர் அமைய வேண்டுமே ஒழிய, தனிமனிதரைச் சுற்றி அணி அமையாது. ஆகவே ரிக்கெல்மேயைப் பெரும்பாலும் இடது ஓரத்தில் நிறுத்தினார்.

ஓரக்கோட்டில் நிற்பவருக்குத் திரும்புவதற்கு ஒரு பக்கம்தான் உண்டு. அங்கே வேகம் வேண்டும், ரிக்கெல்மேயிடம் இல்லாதது அதுதான். நான்கு பக்கமும் பார்க்கத் தெரிந்தவரைச் சுவரோரம் நிறுத்தியது வீண் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் முழுப் பழியையும் பயிற்சியாளர்மேல் போடுவது சரியல்ல. அந்தப் பருவத்தில் அணியே சரிந்து கிடந்தது. 2003 ஜனவரியில் வான் கால் வெளியேறினார், லீகில் ஆறாம் இடமே கிடைத்தது. அவர் போன பின்பும் ரிக்கெல்மே அணியின் மையமாகவில்லை. அடுத்த கோடையில் ரொனால்டினியோ வந்ததும், ஐரோப்பியரல்லாத வீரர்களுக்கான இட வரம்பும் சேர்ந்துகொள்ள, ரிக்கெல்மே ஸ்பெயினின் இன்னொரு கழகமான வில்லாரியலுக்குக் கடனாக, அதாவது தற்காலிகமாக ஆட, அனுப்பப்பட்டார்.

வில்லாரியல் சின்ன ஊர்னு சொல்றாங்க. அங்கே போனது பின்னடைவுதானே?

ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர், ஓடு தயாரிக்கும் தொழிலால் பெயர் பெற்றது. அங்கேதான் ஐரோப்பாவில் அவருடைய சிறந்த காலம் கழிந்தது. 2004-இல் சிலி நாட்டவரான மானுவேல் பெல்லெக்ரினி பயிற்சியாளராக வந்து, பியான்கி செய்ததையே செய்தார்: ரிக்கெல்மேயை நடுவில் வைத்து, மற்றவர்களைச் சுற்றிலும் அமைத்தார். பின்னால் மார்கோஸ் சென்னா, இடப்புறம் ஹுவான் பாப்லோ சொரீன், முன்னால் டியேகோ ஃபோர்லான். 2004-05 பருவத்தில் வில்லாரியல் லீகில் மூன்றாம் இடம் பிடித்தது. ரிக்கெல்மே 15 கோல்கள் அடித்தார். 25 கோல்களுடன் ஃபோர்லான் லீகின் அதிக கோல் அடித்தவர் ஆனார். பார்சிலோனாவில் பாரமாகக் கருதப்பட்டவரை, அங்கிருந்து சில மணி நேரத் தொலைவில் உள்ள சிற்றூர் தன் அணியின் அச்சாணியாக்கிக்கொண்டது.

அடுத்த பருவத்தில் ஐரோப்பாவின் உயரிய கழகப் போட்டியான சாம்பியன்ஸ் லீகில் முதன்முறையாக ஆடி, மான்செஸ்டர் யுனைடெட், பென்ஃபிகா, லில் ஆகியவை இருந்த குழுவில் முதலிடம் பெற்றார்கள். பிறகு ரேஞ்சர்ஸையும் இன்டர் மிலானையும், வெளியூர் கோல் விதியின் (இரு ஆட்டங்களின் மொத்த கோல்கள் சமமானால், எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்த அணிக்கு வெற்றி) துணையோடு, கடந்து அரையிறுதிக்குப் போனார்கள். இன்டருக்கு எதிரான வெற்றி கோல், ரிக்கெல்மே எடுத்த ஃப்ரீகிக்கை அர்ருவபார்ரெனா தலையால் முட்டியதில் வந்தது.

ஆர்செனலுக்கு எதிரான அந்தப் பெனால்டி?

2006 ஏப்ரல் 25, வில்லாரியலின் எல் மத்ரிகால் மைதானம். லண்டனில் நடந்த முதல் ஆட்டத்தை ஆர்செனல் 1-0 என வென்றிருந்தது. இரண்டாவது ஆட்டம் 0-0 என்ற நிலையில், கடைசி நிமிடங்களில் வில்லாரியலுக்குப் பெனால்டி கிடைத்தது. ரிக்கெல்மே அடித்தார், கோல்கீப்பர் யென்ஸ் லேமன் சரியான பக்கம் பாய்ந்து தடுத்தார். கோலாகியிருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். வென்றிருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை, “அவர்தான் இறுதிப் போட்டியைத் தொலைத்தார்” என்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்த அணியை அரையிறுதி வரை கொண்டுவந்ததும் அதே கால்கள்தான்.

2006 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக அவரை வெளியே எடுத்தது ஏன்? அதனால்தான் தோற்றோமா?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இது. சிறுவர் அணியிலிருந்தே ரிக்கெல்மேயை அறிந்த பெக்கர்மன் அப்போது தேசியப் பயிற்சியாளர். அணியை முழுக்க அவரைச் சுற்றியே கட்டியிருந்தார். 2005 ஜூனில் தகுதிச் சுற்றில் பிரேசிலை 3-1 என வென்றபோது ரிக்கெல்மே ஒரு கோல் அடித்தார். உலகக் கோப்பையில் செர்பியா-மான்டினீக்ரோவை 6-0 என வென்ற ஆட்டத்தில், இருபதுக்கும் மேற்பட்ட பாஸ்களுக்குப் பின் கம்பியாஸோ அடித்த கோல், ரிக்கெல்மேயின் நிதானத்தில் வளர்ந்த அணியின் முழு அடையாளம்.

ஜூன் 30, பெர்லின், கால் இறுதி. 49-ஆம் நிமிடத்தில் ரிக்கெல்மேயின் கார்னரை அயாலா தலையால் கோலாக்கினார். அடுத்து கோல்கீப்பர் அபொந்தான்சியேரி காயமடைந்து வெளியேற, மூன்று மாற்றங்களில் ஒன்று எதிர்பாராமல் செலவானது. 72-ஆம் நிமிடத்தில், முன்னிலையைக் காப்பதற்காகப் பெக்கர்மன் ரிக்கெல்மேயை எடுத்துவிட்டு கம்பியாஸோவை இறக்கினார். பின்னர் கிரெஸ்போவுக்குப் பதிலாக ஹூலியோ க்ரூஸ் வந்தார். 80-ஆம் நிமிடத்தில் க்லோஸே சமன் செய்தார். பெனால்டிகளில் அயாலா, கம்பியாஸோ இருவரின் அடிகளையும் லேமன் தடுக்க, ஜெர்மனி 4-2 என வென்றது. சில வாரங்களுக்கு முன் ரிக்கெல்மேயைத் தடுத்த அதே லேமன்.

அந்த மாற்றம் தவறு என்றே நான் கருதுகிறேன். முன்னிலையில் உள்ள அணி, ஆட்டத்தை உறங்க வைக்கத் தெரிந்தவரை வெளியே எடுக்கக் கூடாது. டோக்கியோ பற்றிய பதிலில் சொன்னது அந்தத் திறமைதான். ஆனால் பெக்கர்மன் பக்கமும் நியாயம் உண்டு: அந்த நாளில் ஜெர்மனியின் நடுக்களம் ரிக்கெல்மேயை இறுக்கியிருந்தது, அவர் களைத்தும் காணப்பட்டார். எதிர்பாராத காயத்தால் மூன்று மாற்றங்களும் தீர்ந்துபோனதால், இருக்கையில் இருந்த இளம் மெஸ்ஸியை இறக்க வழியின்றிப் போனது இன்னொரு வருத்தம். தோல்விக்கு ஒரே காரணம் தேடுவது நியாயமாகாது.

தேசிய அணியிலிருந்து இரண்டு முறை ஓய்வு பெற்றாரா? இது அகம்பாவம் இல்லையா?

ஆம், இரண்டு முறை. முதலாவது 2006 செப்டம்பரில்: உலகக் கோப்பைக்குப் பின் தன்மீது விழுந்த கடுமையான விமர்சனங்களால் தாயின் உடல்நலம் பாதிக்கப்பட்டது என்று சொல்லி விலகினார். தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்காவுக்கு 2007-இல் திரும்பி ஐந்து கோல்கள் அடித்தார். அணி இறுதியில் பிரேசிலிடம் தோற்றது. அதே அக்டோபரில் சிலிக்கு எதிரான தகுதிச் சுற்று ஆட்டத்தை அவருடைய இரண்டு ஃப்ரீகிக் கோல்களே வென்று தந்தன. 2008-இல் பெய்ஜிங்கில், இளையோர் அணியில் வயது வரம்பைக் கடந்தவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட மூன்று இடங்களில் ஒன்றைப் பெற்று, தலைவராக இருந்து தங்கம் வென்றார். மெஸ்ஸி, அகுவேரோ, டி மரியா எல்லாம் அந்த அணியின் இளைஞர்கள்.

இரண்டாவது விலகல் 2009 மார்ச்சில். தேசியப் பயிற்சியாளராகியிருந்த மரடோனா, ரிக்கெல்மே ஆடும் விதம் தனக்குப் போதாது என்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகப் பேசினார். நேரில் சொல்லாமல் ஊடகத்தில் சொன்னதை ரிக்கெல்மேயால் ஏற்க முடியவில்லை. இருவரின் நெறிகளும் ஒன்றல்ல என்று கூறி விலகினார். 2010 உலகக் கோப்பைக்கு அவர் போகவில்லை. பிடிவாதக்காரர் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். அகம்பாவம் என்ற சொல்லை ஏற்க மாட்டேன்: உலகக் கோப்பை வாய்ப்பையே விட்டுக்கொடுத்தவர் தன் லாபத்தைக் கணக்கிட்டுச் செய்தார் என்று சொல்வதற்கு இடமில்லை.

அவர் வாழ்க்கையின் உச்சம் எது?

2007 லிபர்டடோரஸ். வில்லாரியலில் பெல்லெக்ரினியுடன் உறவு முறிந்து, ஆடும் வாய்ப்பின்றி இருந்தவரை, அந்த ஆண்டு பிப்ரவரியில் போக்கா சில மாதங்களுக்குக் கடனாகப் பெற்றது. பயிற்சியாளர் மிகேல் ஆஞ்செல் ருஸ்ஸோ. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொலம்பியாவின் குக்குட்டாவிடம் 3-1 எனத் தோற்ற போக்கா, மூடுபனி சூழ்ந்த பொம்பொனேராவில் 3-0 என மீண்டது. முதல் கோல் ரிக்கெல்மேயின் ஃப்ரீகிக். இறுதியில் பிரேசிலின் க்ரேமியோ. முதல் ஆட்டம் 3-0, அதில் அவருக்கு ஒரு கோல். போர்ட்டோ அலெக்ரேயில் நடந்த இரண்டாவது ஆட்டம் 2-0, இரண்டும் அவருடையவை. தொடரில் மொத்தம் எட்டு கோல்கள்.

முந்தைய இரண்டு லிபர்டடோரஸ் வெற்றிகளில் பியான்கியின் கட்டுக்கோப்பும் கோல்கீப்பர் ஒஸ்கார் கோர்டோபாவின் பெனால்டித் தடுப்புகளும் சமபங்கு பெற்றன. இதில் ஒரு தனிமனிதர் ஒரு கண்டத்தின் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று சொன்னால் மிகையில்லை. இருபத்தொன்பது வயதை எட்டவிருந்தவர். வேகம் இன்னும் குறைந்திருந்தது. பார்வையும் காலும் கூர்மையாகியிருந்தன.

பலெர்மோவும் இவரும் பேசிக்கொள்ளவே மாட்டார்களாமே?

நண்பர்கள் அல்லர் என்பது ஊரறிந்தது. 2010 ஏப்ரலில் அர்செனால் தே சரந்தீ அணிக்கு எதிராகப் பலெர்மோ தன் 219-ஆவது கோலை அடித்து, போக்காவின் நெடுங்காலச் சாதனையை முறியடித்தார். அந்தப் பந்தைக் கொடுத்தவர் ரிக்கெல்மே. கொடுத்துவிட்டு, கோல் அடித்தவரை நோக்கிப் போகாமல், வேறு பக்கம் ஓடித் தனியாகக் கொண்டாடினார். மனத்தாங்கல் எவ்வளவு இருந்தாலும் பாஸ் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையே நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

ஐரோப்பாவில் பெரிய கோப்பை இல்லை, உலகக் கோப்பை இல்லை. அப்படியானால் புகழ் மிகைதானே?

ஐரோப்பாவே அளவுகோல் என்று கொண்டால் அப்படித்தான் தோன்றும். மூன்று லிபர்டடோரஸ் கோப்பைகளை மையமாக நின்று வென்றவரை அந்த அளவுகோல் அளக்காது. தென் அமெரிக்காவில் அந்தக் கோப்பை, மலைநாட்டு மைதானங்கள், நெடும் பயணங்கள், விரோதமான அரங்குகள் அனைத்தையும் கடந்து பெற வேண்டியது; அதன் மதிப்பை அங்குள்ளவர்கள் எந்த ஐரோப்பியக் கோப்பைக்கும் கீழே வைப்பதில்லை.

ஒரு குறையை மட்டும் நேர்மையாக ஏற்க வேண்டும். எந்த அமைப்பிலும் பொருந்தித் தன்னை நிரூபித்த வீரர்களின் வரிசையில் அவரை வைக்க முடியாது. இத்தாலியின் ஆந்திரேயா பிர்லோ, 10-ஆம் எண் இடத்திலிருந்து பின்னோக்கி நகர்ந்து, தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நின்று இரண்டாம் வாழ்வு பெற்றார். ரிக்கெல்மே நகரவில்லை. தன் இடத்தில் நிற்க அனுமதித்தால் ஒப்பற்றவர், இல்லையேல் பாதி ஆட்டக்காரர்.

இப்போது ஏன் அப்படிப்பட்டவர்கள் வருவதில்லை?

பார்சிலோனா பற்றிய பதிலில் உள்ள காரணமே விரிந்து உலகமெங்கும் பரவிவிட்டது. பந்தை இழந்த நொடியிலேயே பத்துப் பேரும் சேர்ந்து நெருக்கிப் பறிக்கும் முறை பொதுவாகிவிட்ட பின், பந்தில்லாதபோது ஓடாத ஒருவரை வைத்துக்கொள்ளப் பயிற்சியாளர்கள் தயங்குகிறார்கள். தடுப்பு வரிசைக்கு முன்னால் இரண்டு பேர் நிற்கும் அமைப்புகள், எங்காஞ்சே நின்ற இடத்தையே அடைத்துவிட்டன. அந்தத் திறமையுடைய சிறுவர்கள் இன்றும் பிறக்கிறார்கள். பத்து வயதிலேயே அவர்களை ஓரத்துக்கோ பின்னுக்கோ நகர்த்திவிடுகிறார்கள்.

கடைசியில் என்ன ஆனார்? இப்போது என்ன செய்கிறார்?

2008, 2011 அபெர்துரா பட்டங்களை போக்காவுடன் வென்றார். 2011 அபெர்துராவில் அணி தோல்வியே காணவில்லை. 2012 லிபர்டடோரஸ் இறுதியில் கொரிந்தியன்ஸிடம் தோற்ற இரவிலேயே, தன்னிடம் கொடுப்பதற்கு ஏதும் மிச்சமில்லை என்று கூறி விலகினார். 2013-இல் பியான்கி திரும்பியபோது தாமும் திரும்பினார். 2014-இல், தன்னை வளர்த்த அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் இரண்டாம் பிரிவுக்குச் சரிந்திருந்த நேரத்தில் அங்கே போய், முதல் பிரிவுக்கு ஏற உதவினார். 2015 ஜனவரியில் ஓய்வு பெற்றார். பிரியாவிடை ஆட்டம் 2023 ஜூன் 25 அன்றுதான் பொம்பொனேராவில் நடந்தது. அதற்கு முந்தைய நாளில் பிறந்தநாள் கொண்டாடிய ரிக்கெல்மேயும் மெஸ்ஸியும் அதில் ஆடினார்கள்; மெஸ்ஸியும் ஜூன் 24-இல் பிறந்தவர்.

2019 டிசம்பரில் போக்காவின் துணைத் தலைவரானார். 2023 டிசம்பரில் உறுப்பினர்களின் வாக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பெற்றுத் தலைவரானார். எதிரணியில் துணைத் தலைவர் வேட்பாளராக நின்றவர், முன்பு மாடத்தில் அமர்ந்திருந்த அதே மவுரிசியோ மக்ரி. நிர்வாகியாக அவர் எடுக்கும் முடிவுகள்மீது போக்கா ரசிகர்களிடையே கடும் கருத்து வேறுபாடு உண்டு. வீரராக அவர் பெற்ற அன்பை அதனுடன் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

பழைய ஆட்டம் ஒன்றை முழுசாகப் பார்க்கணும். எதிலிருந்து தொடங்கலாம்?

கோல் தொகுப்புகளிலிருந்து தொடங்க வேண்டாம். அவற்றில் பௌசாவை வெட்டி எறிந்திருப்பார்கள். முதலில் 2000-இன் டோக்கியோ ஆட்டத்தை முழுமையாகப் பாருங்கள். பத்தாம் நிமிடத்துக்குப் பின், பந்து எங்கிருந்தாலும் ரிக்கெல்மேயை மட்டும் கண்ணால் தொடருங்கள். பந்து வருவதற்கு முன்பே எத்தனை முறை தலையைத் திருப்பிப் பார்க்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். அடுத்து 2007 இறுதியின் இரண்டாவது ஆட்டம். மூன்றாவதாக 2006-இன் ஜெர்மனி ஆட்டம்; 72-ஆம் நிமிடத்துக்கு முன்னும் பின்னும் அர்ஜென்டினாவின் கால்களில் பந்து எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த மாற்றம் குறித்து நான் மேலே சொன்னது சரியா தவறா என்று நீங்களே முடிவு செய்யலாம்.